ஸ்டாக்போர்ட்டிலிருந்து ரங்கூனுக்கு: ஐந்து நாள் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: சனிக்கிழமை, 11 ஜனவரி 2014

நள்ளிரவில் சென்னையில் ஏறி, பாங்காக்கில் விமானம் மாறி, முற்பகலில் மிங்கலாடோன் விமான நிலையத்தில் இறங்கினேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கட்டம் போட்ட கைலியும் வெள்ளைச் சட்டையுமாகப் பெரியப்பா மகன் நின்றிருந்தார். நாங்கள் இருவரும் நேரில் பார்த்துக்கொள்வது இதுவே முதல் தடவை. 1965-இல் தாத்தாவும் என் அப்பாவும் அத்தைமாரும் கப்பலேறிச் சென்னைக்கு வந்துவிட, மனைவி வீட்டார் இங்கேயே இருந்த காரணத்தால் பெரியப்பா மட்டும் ரங்கூனில் தங்கிவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே கடைகள் அரசுடைமையாகியிருந்தன. 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பில் தாத்தாவின் கையிருப்பும் போயிற்று. வியாசர்பாடியில் குடியேறிய பர்மாக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. “வாப்பா தம்பி, பிரயாணம் எல்லாம் சௌகரியந்தானே?” என்று அண்ணன் கேட்ட தமிழில் தாத்தாவின் இழுப்பு அப்படியே இருந்தது.

வந்த காரணத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் வியாசர்பாடியில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவன். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் சென்னை லீக்கின் கீழ்ப்பிரிவுகளில் கோல்கீப்பராக நின்றவன். சென்ற ஜூலை 19 அன்று, மான்செஸ்டர் சிட்டி அணியின் கோல்கீப்பராக இருந்த ஜெர்மானியர் பெர்ட் ட்ரவுட்மன் ஸ்பெயினில் தமது 89-ஆம் வயதில் காலமானார். அன்று நான் படித்த அஞ்சலிக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே ஆட்டத்தைச் சுற்றியே எழுதப்பட்டிருந்தன. 1956-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில், பர்மிங்காம் சிட்டியின் பீட்டர் மர்ஃபி காலில் விழுந்து பந்தைப் பிடித்தபோது கழுத்தெலும்பு முறிந்தது. முறிந்தது தெரியாமலே மீதமிருந்த 17 நிமிடங்களும் அவர் கோலைக் காத்தார். மான்செஸ்டர் சிட்டி 3-1 என்று வென்றது. எல்லாம் உண்மை, எல்லாம் வியப்புக்குரியதுதான். ஆனால் குறிப்பின் கடைசியில், பிற்காலத்தில் பர்மா முதலிய நாடுகளில் பயிற்சியாளராக இருந்தார் என்று போகிற போக்கில் ஒரே ஒரு வரி வந்தது. எங்கள் வீட்டில் பர்மா என்ற சொல் இல்லாமல் ஒரு நாளும் போனதில்லை. 17 நிமிடங்களுக்கு அத்தனை பத்திகளும், 1972-இலிருந்து 1988 வரை அயல்நாட்டு மைதானங்களில் கழிந்த 16 ஆண்டுகளுக்கு ஒரு வரியும் என்ற அந்தக் கணக்கு என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. பொங்கலுக்கு வா என்று அண்ணன் பல காலமாக அழைத்துக்கொண்டிருந்ததும் அதனோடு சேர்ந்துகொள்ளவே புறப்பட்டுவிட்டேன்.

ஊருக்குள் வரும் வழியில் இரண்டு செய்திகள் கண்ணில் பட்டன. வண்டிகள் சாலையின் வலப்பக்கமாக ஓடுகின்றன, ஓட்டுநரும் வலப்பக்கமே உட்கார்ந்திருக்கிறார். 1970-இல் சாலை விதியை மாற்றிய பிறகும், ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்களின் அமைப்பு மாறவில்லை. நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லாததால் சந்துகள் பிள்ளைகளுக்கு மிச்சமிருக்கின்றன. மாலையில் அண்ணன் வீட்டுத் தெருவில் ஆறு பேர் வட்டமாக நின்று பிரம்புப் பந்தைக் காலாலும் முழங்காலாலும் தலையாலும் தட்டித் தட்டித் தரையில் விழாமல் வைத்திருந்தார்கள். அதன் பெயர் சின்லோன். கால்பந்துக்குப் பாலோன் என்று பெயர். லோன் என்றால் உருண்டை என்று அண்ணன் விளக்கினார். சின்லோனில் எதிரணி கிடையாது. வட்டத்தில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து ஒரு பந்தைக் காப்பாற்றுகிறார்கள். முன்பாதம், பின்குதிகால், பாதத்தின் உட்புறம் என்று எதில் பட்டாலும் பந்து அடங்கி நிற்பதைப் பார்த்தபோது, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் தொடுகையைச் சொல்லிக்கொடுக்க வந்த எந்தப் பயிற்சியாளருக்கும் பாதி வேலை முன்னமே முடிந்திருக்கும் என்று தோன்றியது.

இரண்டாம் நாள்: ஞாயிற்றுக்கிழமை, 12 ஜனவரி

காலையில் மொய்ங்கா. வாழைத்தண்டு போட்ட அந்த மீன் குழம்பின் மணம் எங்கள் தெருவில் வண்டிக்கடைகளில் வருவதுதான் என்றாலும், இங்கே காரம் குறைவு. பிறகு அண்ணனும் அவருடைய மாமனாரும் நானும் மத்திய ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள ஆங் சான் மைதானத்துக்குச் சென்றோம். வெள்ளைக்காரர் காலத்தில் இது பர்மா தடகளச் சங்கத்தின் மைதானம். பெரியவர்கள் இன்னும் பி.ஏ.ஏ. கிரவுண்டு என்றே சொல்கிறார்கள். சுற்றுச்சுவரின் வெளிப்புறம் முழுவதும் கடைகள் ஒட்டிக்கொண்டிருப்பதால், வாசலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மாமா பர்மிய மொழியில் ஏதோ சொல்ல, காவலாளி சிரித்துக்கொண்டே எங்களை உள்ளே விட்டார். வெயிலில் வெளிறிய படிகளும் நடுவில் தேய்ந்த புல்லும்தான் இருந்தன. இதே புல்லில் 1961-லும் 1969-லும் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகள் நடந்தன.

மாமாவுக்கு 74 வயது. மொகல் தெருவில் ஒரு செட்டியார் கடையில் எடுபிடியாக வளர்ந்தவர்; கடை போன பிறகு எலெக்ட்ரிக் வேலை கற்றுக்கொண்டு பிழைத்தவர். கேலரியின் மூன்றாவது படியில் கைலியை ஒதுக்கி உட்கார்ந்து, தாமாகவே பேச ஆரம்பித்தார்.

“அறுபத்தாறிலே பாங்காக்கிலே ஃபைனல், தம்பி. ஈரானோடே. ஒண்ணுக்குச் சைபர். ரேடியோ இருந்த ஒரு வீட்டு வாசல்லே தெருவே நின்னுச்சு. தமிழாள், சீனாக்காரன், பர்மாக்காரன் எல்லாரும் ஒண்ணா நின்னது அன்னிக்குத்தான். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் நம்மாளுங்களைக் கூட்டங்கூட்டமாக் கப்பலேத்துனாங்க. ஆனா சுக் பகதூர் கால்லே பந்து வந்துட்டா எனக்கு அந்த நெனப்பே வராது.”

சுக் பகதூர் கூர்க்கா வம்சத்தவர். பர்மிய அணியின் தலைவர். அந்த அணியின் கணக்கைத் தமிழ்நாட்டில் இன்று எத்தனை பேர் அறிவார்கள்? 1966 ஆசிய விளையாட்டில் தங்கம். 1970-இல் தென்கொரியாவோடு 0-0 என்று முடிந்து தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா வாங்கிய கடைசிப் பதக்கமான வெண்கலமும் அதே போட்டியில்தான். 1968 ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம். ஆசிய இளைஞர் பட்டம் 1961-க்கும் 1970-க்கும் இடையில் ஏழு தடவை. தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டில் 1965 முதல் 1973 வரை தொடர்ந்து ஐந்து தங்கம். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கிற்குச் சென்று, சோவியத் யூனியனிடமும் மெக்சிகோவிடமும் தலா ஒரே கோலில் தோற்று, சூடானை 2-0 என்று வென்று திரும்பினார்கள்.

அந்த 1972-இல்தான் ட்ரவுட்மன் இங்கே வந்தார். வளரும் நாடுகளுக்குப் பயிற்சியாளர்களை அனுப்பும் மேற்கு ஜெர்மனியின் திட்டத்தில் அவருக்குக் கிடைத்த முதல் நாடு பர்மா. அதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை இந்தப் படியில் உட்கார்ந்து மாமாவுக்குச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 1964-இல் மான்செஸ்டர் சிட்டியை விட்டு வெளியேறும்போது ட்ரவுட்மன் 545 ஆட்டங்கள் ஆடியிருந்தார். அடுத்து வெலிங்டன் டவுன் என்னும் சிறிய கிளப்புக்குச் சென்று, அங்கே ஆரம்பத்திலேயே முரட்டு ஆட்டத்துக்காக வெளியேற்றப்பட்டார். 1965-இல் மான்செஸ்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஸ்டாக்போர்ட் கவுண்டி அவரைப் பொது மேலாளராக்கியது. இங்கிலாந்து லீக்கின் நான்காம் பிரிவு, அதாவது கடைசிப் படி. கையில் காசும் இல்லாத கிளப். சனிக்கிழமையானால் ஊரே மான்செஸ்டரின் இரு பெரிய கிளப்புகளைப் பார்க்கப் போய்விடும். ஆகவே அவரும் தலைவர் விக்டர் பெர்னார்டும் ஆட்டங்களை வெள்ளிக்கிழமை மாலைக்கு மாற்றினார்கள். வசூல் உயர்ந்தது, அணி உயரவில்லை. 1966-இல் பெர்னார்டோடு கருத்து வேறுபட்டு விலகினார். பிறகு ஜெர்மனிக்குத் திரும்பி ப்ராய்சன் மூன்ஸ்டர் அணியை நடத்தினார். 1967-68 பருவத்தில் மேற்கு மண்டல லீக்கில் 13-ஆம் இடம். அதன்பின் ஓப்பல் ரூசல்ஸ்ஹைமில் கொஞ்ச காலம். கிளப் மேலாளர் என்ற வகையில் அவருடைய கணக்கு இவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை என்ற அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். கீழ்ப்பிரிவில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பந்து வாங்கக் காசு எங்கிருந்து வரும், மழை பெய்தால் யார் வருவார்கள், பெரிய ஆட்டம் நடக்கும் நாளில் நம் ஆட்டத்தை வைக்கலாமா என்று கணக்குப் போட்டே எங்கள் மாலைகள் கழிந்திருக்கின்றன. என் கிளப்பில் ஒரு பருவம் முழுவதும் ஒரே ஜோடிக் கையுறையை இரண்டு கோல்கீப்பர்கள் மாற்றி மாற்றி அணிந்தோம். கோப்பை இறுதியாட்டம் நடந்த வெம்பிளி மைதானத்தில் கைதட்டல் வாங்கிய மனிதர் இந்தக் கணக்கில் இறங்கி உட்கார்ந்தார் என்பதை நினைத்தால், கழுத்து முறிந்த கதையைவிட எனக்கு இதுவே அவரை நெருக்கமாக்குகிறது.

இங்கிலாந்திலிருந்து பார்ப்பவர்கள் அவர் கீழே இறங்கி இறங்கிக் கடைசியில் பர்மாவுக்குப் போனார் என்று எழுதுகிறார்கள். இந்தக் கேலரியிலிருந்து பார்த்தால் கதை வேறு. 13-ஆம் இடத்தில் முடித்த ஒருவரின் கையில் ஆசியாவின் சாம்பியன் அணி ஒப்படைக்கப்பட்டது. அவர் வாழ்க்கையில் நடத்திய அணிகளிலேயே உயர்ந்தது இதுதான்.

“அவரைப் பார்த்திருக்கிறீர்களா, மாமா?” என்று கேட்டேன்.

“ஒசரமா ஒரு ஜெர்மன்காரர் இருந்தார். பேரு வாயிலே நுழையாது. கோச்சை யாரு தம்பி பார்ப்பா? பந்தைத்தான் பார்ப்போம்.”

மூன்றாம் நாள்: திங்கட்கிழமை, 13 ஜனவரி

போகி. அண்ணன் வீட்டில் பழைய பாயும் துடைப்பமும் தெருமுனைக்குப் போயின. நான் பான்சோடான் தெருவின் நடைபாதைப் புத்தகக்கடைகளில் பழைய விளையாட்டுப் பத்திரிகைகளைத் தேடிக் காலை முழுவதும் அலைந்தேன். பர்மிய எழுத்து தெரியாததால் படங்களை மட்டுமே பார்க்க முடிந்தது; ட்ரவுட்மன் படம் ஒன்றும் அகப்படவில்லை.

கடைக்காரர் ஒருவர் எனக்கு உதவுவதற்காகக் கால்பந்து என்று தலைப்பிட்ட ஒரு பழைய மலரை எடுத்து, ஒரு படத்தைச் சுட்டி “சோ டின், ஜப்பான்” என்றார். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். 1920-களில் டோக்கியோவில் தொழில்நுட்பம் படிக்கச் சென்ற பர்மிய மாணவர் அவர். அங்கே பந்தை ஓங்கி உதைத்துவிட்டுப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஜப்பானிய மாணவர்களுக்கு, குறுகிய தூரத்தில் பந்தைக் கைமாற்றி ஆடும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். 1923-இல் ஒரு பயிற்சி நூலும் எழுதினார். அந்த ஆண்டு நிலநடுக்கத்தில் கல்லூரி மூடப்பட, ஊர் ஊராகச் சென்று கற்றுக்கொடுத்தார். 2007-இல் ஜப்பான் தன் கால்பந்துப் பெருமன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது. அதே ஜப்பானுக்கு 1960-இல் டெட்மார் கிராமர் என்ற ஜெர்மானியர் வந்தார். 1968 ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் பெற்றது. அவருடைய நாட்டிலிருந்தே நான்கு ஆண்டுகள் கழித்து ட்ரவுட்மன் ரங்கூனுக்கு வந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே வெளிநாட்டுக்கு ஆசிரியரை அனுப்பிய ஊருக்குத்தான் அவர் ஆசிரியராக வந்தார் என்பதை, அந்த நடைபாதையில் நின்றபோதுதான் நான் கோத்துப் பார்த்தேன்.

நான்காம் நாள்: செவ்வாய்க்கிழமை, 14 ஜனவரி

வாசலில் பொங்கல் பானை பொங்கியபோது, தமிழ் அதிகம் பேசத் தெரியாத பிள்ளைகள்கூடப் “பொங்கலோ பொங்கல்” என்று தெளிவாகக் கூவினார்கள். இங்கே தமிழ்ப் பள்ளிகள் போய் அரை நூற்றாண்டாகிறது. அண்ணனின் பேரன் 12 வயதுப் பையன். பள்ளியில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். நாம் பேசினால் புரிந்துகொள்வான், பதிலைப் பர்மிய மொழியில் சொல்வான். தெரு அணியில் அவன் கோல்கீப்பர் என்று தெரிந்ததும் எங்களுக்குள் மொழிப் பிரச்சினை பாதி தீர்ந்தது.

அனவ்ரதா சாலையில் இருக்கும் காளி கோயிலுக்குப் போனோம். 1871-இல் தமிழர்கள் கட்டிய கோயில். கோபுரத்தின் வண்ணங்கள் மயிலாப்பூரை நினைவூட்டினாலும், வரிசையில் நின்றவர்களில் தனக்கா என்னும் மரப்பட்டைச் சாந்தை முகத்தில் பூசிய பர்மியப் பெண்களும் இருந்தார்கள். பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன், “ஜெர்மன்காரர் இங்கிலீஷ்காரனோடு எப்படித் தம்பி சேர்ந்து ஆடினார்? சண்டை போட்ட நாடாச்சே?” என்று கேட்டார். தாமே நாற்பது, ஐம்பது ஆண்டுகள் அயலானாகப் பார்க்கப்பட்டு வாழ்ந்தவர் கேட்ட கேள்வி அது. ஆகவே விரிவாகவே சொன்னேன்.

1923 அக்டோபரில் பிரெமனில் பிறந்தவர் ட்ரவுட்மன், பெயர் பெர்ன்ஹார்ட். சிறுவயதிலேயே ஹிட்லர் இளைஞர் படையில் சேர்ந்தவர். பாராசூட் படைவீரராகக் கிழக்குப் போர்முனையில் சண்டையிட்டு இரும்புச் சிலுவைப் பதக்கம் பெற்றவர். 1945-இல் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, லங்காஷயரில் ஆஷ்டன்-இன்-மேக்கர்ஃபீல்டு என்ற இடத்திலிருந்த கைதிகள் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டார். யூத வதைமுகாம்களின் படத்தைக் கைதிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். முகாமில் அவர் நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் அடிபட்டதால் கோல்கீப்பரோடு இடம் மாற்றிக்கொண்டார், அதோடு அந்த இடம் அவருடையதாயிற்று. 1948-இல் ஊருக்குப் போகலாம் என்றபோது போகாமல், பண்ணை வேலையும் வெடிக்காத குண்டுகளை அகற்றும் வேலையும் செய்துகொண்டு, செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்னும் உள்ளூர்க் கிளப்புக்கு ஆடினார். அந்தக் கிளப்பின் செயலாளர் மகளையே பின்னர் மணந்தார். பெர்ன்ஹார்ட் என்ற பெயரை இங்கிலாந்துக்காரர்கள் பெர்ட் ஆக்கினார்கள்.

1949 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டி அவரைச் சேர்த்தபோது 20,000 பேர் எதிர்த்து ஊர்வலம் போனார்கள். அப்போது மான்செஸ்டரின் யூதகுரு அலெக்சாண்டர் ஆல்ட்மன், நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர், ஒரு தேசத்தின் குற்றத்துக்காக ஒரு தனிமனிதனைத் தண்டிக்கலாகாது என்று வெளிப்படையாக எழுதினார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1956-இல், அதே நாட்டின் கால்பந்து எழுத்தாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வெற்றி நிலைப்பதற்குள் அவருடைய ஐந்து வயது மகன் சாலை விபத்தில் இறந்துபோனான்.

அண்ணன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தக் குருவை மாதிரி இங்கே ஒருத்தர் அன்னிக்கு எழுதியிருந்தா, உங்கப்பா போயிருக்க மாட்டார்” என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஒன்றை மட்டும் நான் உறுதியாக நம்புகிறேன். எதிரி நாட்டில் ஒரு கீழ்ப்பிரிவுக் கிளப் கதவைத் திறந்ததால்தான் ட்ரவுட்மனுக்கு ஒரு வாழ்க்கை அமைந்தது. பிற்காலத்தில் பர்மா, டான்சானியா, லைபீரியா, பாகிஸ்தான் என்று மொழி தெரியாத மைதானங்களில் தொடர்ந்து போய் நின்றதற்கு அந்த நினைவும் காரணமாக இருந்திருக்க வேண்டும். அயலார் மண்ணில் நின்று பழகிய ஒருவருக்குத்தான் அந்த வேலை பொருந்தும்.

ஐந்தாம் நாள்: புதன்கிழமை, 15 ஜனவரி

இன்றிரவு விமானம். காலையில் துவன்னா மைதானத்தை வெளியிலிருந்து பார்த்தேன். சென்ற மாதம் இங்கேதான் மியான்மர் இந்தோனேசியாவிடம் 0-1 என்று தோற்று, தன் நாட்டில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டிலேயே முதல் சுற்றோடு வெளியேறியது. 1973-க்குப் பிறகு அந்தப் போட்டியில் கால்பந்துத் தங்கம் இந்த நாட்டுக்கு வரவே இல்லை. தொழில்முறையான தேசிய லீக் 2009-இல்தான் தொடங்கியது. மற்ற நாடுகள் கிளப்புகளையும் அவற்றுக்குக் கீழே சிறு பிரிவுகளையும் கட்டிக்கொண்டிருந்த முப்பது ஆண்டுகளில், இந்த நாடு கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. ஒரு தேசிய அணியை ஒரு நல்ல பயிற்சியாளர் இரண்டு ஆண்டுகள் தாங்கலாம். கீழே ஸ்டாக்போர்ட்டைப் போன்ற ஐம்பது கிளப்புகள் இல்லாமல் அது நிற்காது என்பது என் கருத்து.

மாலையில் பேரன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்குப் போனான். அவன் பந்தைப் பிடித்த உடனே ஓங்கி உதைக்கிறான். அது எதிரணியிடமே போய்ச் சேருகிறது. நான் அவனை நிறுத்தி, ட்ரவுட்மனின் எறியைச் சொல்லிக்கொடுத்தேன். சிறுவயதில் ஹேண்ட்பால் ஆடிய பழக்கத்தால் அவர் பந்தைக் கையாலேயே வெகுதூரம் எறிவார். 1954-க்குப் பிறகு மான்செஸ்டர் சிட்டி பந்தைக் கைவிடாமல் ஆடும் முறைக்கு மாறியபோது, அவருடைய எறியிலிருந்துதான் தாக்குதலே தொடங்கும். நடுக்களத்தின் ஓரங்களில் ஆடும் ஹாஃப் வீரர்கள் காலியான இடம் பார்த்து முன்னதாகவே ஓடி நிற்பார்கள். பந்தை உள்ளங்கைக்கும் முன்கைக்கும் இடையில் அடக்கி, எதிர்க்காலை இலக்கை நோக்கி வைத்து, தோளுக்கு மேலாகக் கையைச் சுழற்றி, கடைசியில் விரல்களால் விட வேண்டும். கண் மட்டும் வாங்குகிறவன் ஓடிப்போகும் இடத்தில் இருக்க வேண்டும், அவன் நிற்கும் இடத்தில் இருக்கக் கூடாது. இதை அரைத் தமிழிலும் கைச்சாடையிலும் சொன்னேன். விட்ட இடத்தை அண்ணன் பர்மிய மொழியில் நிரப்பினார்.

முதல் நான்கு எறிகள் சுவரில் பட்டன. ஐந்தாவது சாக்கடைக்குப் போயிற்று. சின்லோன் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் தெருவின் மறுகோடிக்கு ஓடிப்போய் நின்று கையைத் தூக்கினார். ஏழாவது எறி இரண்டு மின்கம்பத் தூரம் தாழ்வாகப் பறந்து, அவருடைய காலடியில் ஒரே ஒரு துள்ளலோடு இறங்கியது. அவர் அதைப் பிரம்புப் பந்தை நிறுத்துவதைப் போலவே பாதத்தின் உட்புறத்தால் சத்தமில்லாமல் நிறுத்தினார்.

திண்ணையிலிருந்த மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய மின் ரசீதையும் பேனாவையும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

“அந்த ஜெர்மன்காரர் பேரைத் தமிழ்லே எழுதிக் குடு, தம்பி. பெரிய எழுத்தா எழுது, கண்ணு சரியில்லே.”

எழுதிக் கொடுத்தேன். அவர் அதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார். பையன் இருட்டும்வரை எறிந்துகொண்டிருந்தான்.